செக்கானூரணிப் பக்கம் இரண்டு சேவல்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

முறையீடு

அடைக்கு வைத்த பதினொரு முட்டைகளில் இரண்டுதான் பொரிந்தன. வீட்டிலிருக்கும் இரண்டு சேவல்களும் பெட்டைகளைச் சட்டை செய்யாமல் ஒன்றோடொன்று திரிகின்றன. பெட்டையோடு கூடுவதுபோல் ஒன்று மற்றொன்றின்மேல் ஏறி மிதிக்கிறது. மிதிபடுவது ஓடாமல் உட்கார்ந்து கொடுக்கிறது. அதனால்தான் முட்டைகள் கூமுட்டையாகிவிட்டன. இரண்டில் எதை அறுப்பது?

இந்த வடிவில்தான் நிகழ்வு என்னிடம் வந்தது. கால்நடை மருத்துவராக நாட்டுக்கோழி வளர்ப்போரிடம் பழகியதில் ஒன்று தெரியும்: சேவல் சேவலை மிதிப்பது அவ்வளவு அரிதன்று, அதை வெளியில் சொல்பவர்கள்தான் அரிது. சொன்னால் தெருவில் சிரிப்பார்கள், அல்லது வீட்டுக்கு ஆகாது என்பார்கள். இரண்டுக்கும் முன்பே பறவை குழம்பில் கிடக்கும். இந்த வீட்டில் அது நடக்காததற்குக் காரணம் அறிவியல் ஆர்வமல்ல, கறுப்பசாமி. இரண்டு சேவல்களில் ஒன்று நேர்ந்துவிடப்பட்டது. அதை நினைத்தபோது அறுக்க முடியாது, சந்தையில் விற்கவும் முடியாது. அதனால் பார்த்து ஆராய எனக்கு நேரம் கிடைத்தது.

முறையீட்டில் சொன்ன செய்திகள் பெரும்பாலும் உண்மை. சேவல்களின் நடத்தையையும் முட்டைகளின் கேட்டையும் ஒரே முடிச்சாகப் போட்டதில்தான் எனக்குச் சந்தேகம்.

பறவைகள் வந்த வழி

வீடு மதுரை மாவட்டத்தில் செக்கானூரணிக்கும் உசிலம்பட்டிக்கும் இடையில், தேனி சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரில். மானாவாரிக் காடு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை, ஒரு முருங்கை, ஒரு குப்பைமேடு. கோழிகளை அப்பத்தாவும் மருமகளும் பார்த்துக்கொள்கிறார்கள். முட்டை விற்ற காசு மருமகளுடையது. கோழிகளைப் பற்றிய தீர்ப்பு அப்பத்தாவுடையது.

சேவல்கள் இரண்டும் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனம். ஒரே பெட்டையின் அடையில் ஐப்பசியில் பொரித்தவை. ஒன்று செவலை. மற்றொன்று கீரி நிறம். நிறமே பெயராகிவிட்டது. மார்கழியில் அந்தத் தெருவுக்குள் வெள்ளைக்கழிச்சல் என்ற கோழிக்கொல்லி நோய் புகுந்தது. தாய்க்கோழி உட்பட வீட்டிலிருந்த அத்தனையும் சில நாட்களில் செத்தன. தடுப்பூசி எதுவும் போட்டிருக்கவில்லை. இரண்டு மாதத்தைத் தாண்டிய இந்த இரண்டு சேவல் குஞ்சுகள் மட்டும் எப்படியோ தப்பின. மிஞ்சியது பிழைத்தால் இரண்டில் ஒன்றைக் கறுப்புக்குத் தருகிறேன் என்று அப்பத்தா நேர்ந்துகொண்டார். அடுத்து வந்த மாசிச் சிவராத்திரிக்குக் குஞ்சு முற்றியிருக்காது என்பதால் அதற்கடுத்த மாசி என்று தவணை சொல்லியாயிற்று. எது என்று அப்போது சொல்லவில்லை. பிறகு பேச்சுவாக்கில் கீரி என்று ஆனது.

நோய்க்குப் பயந்து வைகாசி வரை வீட்டில் வேறு கோழி சேர்க்கவில்லை. அது சரியான முடிவுதான். ஆனால் அதன் விளைவைக் கவனிக்க வேண்டும். நாட்டுச் சேவல் ஐந்து ஆறு மாதத்தில் விடலைப் பருவத்தைக் கடந்து கூவவும் மிதிக்கவும் தொடங்கிவிடும். அந்தப் பருவம் முழுவதையும் இந்த இரண்டும் கோழிகளைக் கவிழ்த்து மூடும் ஒரே பஞ்சாரத்துக்குள்ளும் ஒரே முற்றத்திலும், ஒரு பெட்டையைக்கூடப் பார்க்காமல் கழித்தன. வைகாசியில் திருமங்கலம் சந்தையிலிருந்து ஆறு பெட்டைகள் வந்தபோது இவை முழுச் சேவல்கள். பெட்டைகள் இவற்றுக்கு அந்நியர்கள்.

நான் போனது ஆடித் தொடக்கத்தில்.

கொட்டகையில் கண்டது

முதலில் பறவைகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். செல் என்னும் கோழிப்பேன் இல்லை, சளி இல்லை, எச்சம் கெட்டியாக இருந்தது. கீரியின் பிடரியில் மட்டும் தூவி தேய்ந்து தோல் தெரிந்தது. முதுகில் நகம் பட்ட பழைய கீறல்கள். அடிக்கடி மிதிபடும் பெட்டைக்கு எந்த இடத்தில் இறகு போகுமோ அதே இடம். வீட்டார் மிகைப்படுத்தவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். கோழிகளைப் பார்க்க விரும்புபவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அவை நம்மை மறக்கும்வரை அசையாமல் இருப்பது. மருமகள் சோளக் குருணையை இறைத்துவிட்டு உள்ளே போனார். செவலை ஒரு மணியைக் கொத்தி எடுத்தது, கீழே போட்டது, மறுபடி எடுத்தது. கூடவே தொண்டைக்குள்ளிருந்து துக் துக் துக் என்று ஒரு விரைந்த ஒலி. இது சேவல் வளர்த்த எவருக்கும் தெரிந்த அழைப்பு: இரை இருக்கிறது, வா என்று பெட்டையைக் கூப்பிடுவது. தான் தின்னாமல் அலகிலிருந்து கீழே போட்டுக் காட்டுவதுதான் இதன் அடையாளம். செவலையின் முகம் குப்பைமேட்டில் நின்ற பெட்டைகளை நோக்கியில்லை, கீரியை நோக்கியிருந்தது. கீரி வந்து அந்த மணியைத் தின்றது. செவலை ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசும்படி தாழ்த்தி, காலால் இறகுநுனியைத் தட்டிக்கொண்டு கீரியைச் சுற்றி அரைவட்டம் போட்டது. கீரி கால்களை மடக்கி உட்கார்ந்தது. செவலை பிடரியை அலகால் பற்றி மேலே ஏறியது. சில நொடிகள். இறங்கியதும் இரண்டும் உடலைச் சிலுப்பிக்கொண்டு பக்கத்துப் பக்கத்திலேயே மேய்ந்தன.

ஒரு வேறுபாட்டை இங்கே குறித்துக்கொண்டேன். மிதிக்க இசையும் பெட்டை இறக்கைகளைச் சற்று விரித்து, வாலை ஒதுக்கிக் கொடுக்கும். சேவலுக்கு உள்ளே நுழைக்கும் உறுப்பு கிடையாது. கருவிலேயே அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது. இருவரின் எச்சத்துளைகளும் ஒரு நொடி தொட்டுக்கொள்வதுதான் கோழிகளின் கலவி. வால் ஒதுங்காவிட்டால் தொடுதல் நடக்காது. கீரி உட்கார்ந்தது, இறக்கையை விரித்தது, வாலை மட்டும் ஒதுக்கவில்லை. நான் பார்த்தவரையில் ஒருமுறைகூட ஒதுக்கவில்லை.

பகலில் இரண்டும் ஒரே குழியில் புழுதி குளித்தன. ஒன்றின் அலகில் ஒட்டிய தவிட்டை மற்றொன்று கொத்தி எடுத்தது. இருட்டத் தொடங்கியதும் பெட்டைகள் கொட்டகைக்குள் போக, இவை இரண்டும் முருங்கைக் கிளையில் தோளோடு தோள் சேர்ந்து அடைந்தன.

அப்பத்தா எனக்குச் சொன்ன ஒரு செய்தி மிகவும் பயன்பட்டது. விடியலில் எது முதலில் கூவும் என்று கேட்டேன். யோசிக்காமல் பதில் வந்தது: “எப்போதும் செவலைதான், தம்பி. அது கூவி முடித்தால்தான் கீரி வாயைத் திறக்கும்.” ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2013இல் சேவலின் விடியற்கூவல் உடலுக்குள்ளிருக்கும் கடிகாரத்தால் நடக்கிறது என்று காட்டினார்கள், 2015இல் அதே குழுவினர், கூட்டத்தில் மேல்நிலையிலிருக்கும் சேவலே முதலில் கூவுகிறது, மற்றவை தத்தம் படிநிலைப்படி தொடர்கின்றன என்று கண்டார்கள். அப்பத்தாவின் காது அந்தக் கட்டுரை இல்லாமலே படிநிலையைச் சொல்லிவிட்டது. செவலை மேல், கீரி கீழ்.

கீரி சேவல்தானா?

வீட்டு மகனுக்கு ஒரு கோட்பாடு இருந்தது: கீரி பெட்டையாக மாறிக்கொண்டிருக்கிறது. கைப்பேசியில் எங்கோ கோழி பால் மாறும் என்று பார்த்திருக்கிறார். அந்தச் செய்தி பொய்யல்ல, திசைதான் தலைகீழ்.

பெட்டைக்கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்கிறது. வலப்பக்கத்தது வளராமல் நின்றுபோன ஒரு துணுக்கு. கட்டியாலோ நோயாலோ இடப்பக்கச் சினைப்பை அழிந்தால், அந்த வலப்பக்கத் துணுக்கு சில வேளைகளில் விதைபோன்ற திசுவாக வளரும். அப்போது பெட்டைக்குக் கொண்டை பெருக்கும், முட்டை நின்றுபோகும், கூவக்கூடச் செய்யும். ஊரில் பெட்டை கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று கழுத்தைத் திருகுவார்களே, அந்தப் பெட்டைகளில் சில இப்படிப்பட்டவை. ஆனால் வளர்ந்த சேவல் இதே வழியில் பெட்டையாவதில்லை. 1474இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முட்டையிட்டதாக ஒரு சேவலை நீதிமன்றத்தில் நிறுத்தி, குற்றவாளி என்று தீர்த்து, நெருப்பிலிட்டார்கள். அந்தப் பாவப்பட்ட பறவை பெரும்பாலும் இப்படி உருமாறிய ஒரு பெட்டையாகத்தான் இருந்திருக்கும். நம் ஊர் அப்பத்தாக்கள் மட்டும் கோழிமேல் வழக்குத் தொடுப்பதாக யாரும் எண்ண வேண்டாம்.

கீரியின் கழுத்துத் தூவிகள் கூர்நுனியோடு மின்னின. வாலில் வளைந்த நீள இறகுகள் இருந்தன. காலில் முள் இப்போதுதான் முளைத்து நின்றது. கொண்டையும் தாடியும் செக்கச் சிவப்பு. இருந்தாலும் தோற்றத்தை மட்டும் நம்பாமல், 1930களில் அமெரிக்காவில் பர்ரோசும் குவின்னும் வகுத்துத் தந்த முறைப்படி முதுகிலிருந்து வால்வரை நீவி, எச்சத்துளையின் இருபுறமும் அழுத்தி விந்து எடுத்தேன். இரண்டு சேவல்களும் பால்போன்ற வெண்துளியைத் தந்தன. கையோடு கொண்டுபோயிருந்த சிறு நுண்ணோக்கியில் இரண்டிலும் விந்தணுக்கள் சுறுசுறுப்பாக நீந்தின. கீரியினுடையதில் குறையொன்றும் இல்லை. மகன் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கோட்பாட்டைக் கைவிட்டார்.

மிரட்டலா, நாட்டமா?

பக்கத்துத் தெருவில் சண்டைக்கான கட்டுச்சேவல் வளர்த்துப் பழகிய ஒருவர் வந்து நின்றார். “ஒரே பஞ்சாரத்தில் இரண்டு சேவலைப் போட்டால் இரண்டும் கெட்டுப்போகும், டாக்டர். மேலே ஏறுவது வேறொன்றுக்கும் இல்லை, நீ எனக்குக் கீழே என்று சொல்வதுதான்” என்றார்.

அவர் சொன்னதில் பாதியை ஏற்கலாம். நார்வேயின் தோர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1920களின் தொடக்கத்தில் வெளியிட்ட கொத்து வரிசை என்ற கருத்து இன்றும் நிற்கிறது: யார் யாரைக் கொத்தலாம் என்பது ஒவ்வொரு கூட்டத்திலும் தீர்மானிக்கப்பட்ட ஒன்று. சேவல்கள் மட்டுமே உள்ள கூட்டங்களில் மேலுள்ளது கீழுள்ளதை மிதிப்பதும், கீழுள்ளது பணிந்து உட்காருவதும் ஆய்வாளர்கள் பலமுறை குறித்தவை. மிரட்டி ஏறும் மிதிப்பு எப்படி இருக்கும் என்றால், முதலில் துரத்தல், தலையில் கொத்து, ஓட இடமில்லாதபோது உட்காருதல், விடுபட்டதும் ஓட்டம்.

இங்கே அந்த வரிசை இல்லை. கீரி தானாக வந்தது, இறங்கியபின் ஓடவில்லை. எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது இரை அழைப்பு. பீட்டர் மார்லரும் உடனாய்வாளர்களும் 1986இல் வெளியிட்ட சோதனைகளில், சேவல் இரையைக் கண்டால் பக்கத்தில் பெட்டை இருக்கும்போது ஆர்வமாகக் கூப்பிடுகிறது, பக்கத்தில் இன்னொரு சேவல் இருந்தால் வாயை மூடிக்கொள்கிறது என்று தெரிந்தது. போட்டியாளனுக்கு யார் இரை காட்டுவார்கள்? செவலையோ கீரி பக்கத்தில் இருக்கும்போதுதான் கூப்பிட்டது. படிநிலையில் தனக்குக் கீழ் என்பதும், நாடிப் போக வேண்டிய துணை என்பதும் ஒரே பறவையின்மேல் சேர்ந்து விழுந்திருந்தன.

ஒரு சிறு சோதனையும் செய்தோம். ஒரு பிற்பகலில் கீரியைக் கண்ணுக்குத் தெரியாத முன்வாசலில் பஞ்சாரம் போட்டு மூடினோம். செவலை மேய்ச்சலை விட்டது; வேலியோரமாக மேலும் கீழும் நடந்தது; நீண்ட குரலில் திரும்பத் திரும்பக் கத்தியது. முன்வாசலிலிருந்து கீரி பதில் கொடுத்தது. வேறொரு நாள் ஒரு பெட்டையை அதே இடத்தில் மூடினோம். செவலை தலையைக்கூடத் தூக்கவில்லை. இதை வைத்து அதிகம் சொல்லிவிடக் கூடாது. உடன் வளர்ந்ததைப் பிரித்தால் எந்தக் கோழியும் கத்தும். பிணைப்புக்கு இது சான்று, மிதிப்புக்கு அல்ல.

மிதிப்புக்கான சான்று வளர்ப்பில் இருக்கிறது. 1960களில் கைட்டன் என்ற ஆய்வாளர் சேவல் குஞ்சுகளைத் தனித்தனியாக, மஞ்சள் ரப்பர் கையுறை அணிந்த கையால் இரை கொடுத்து வளர்த்தார். பெரியவையானதும் அவை அந்தக் கையுறையை மிதிக்க முயன்றன. பிறகு பெட்டைகளோடு கலந்து வாழவிட்டபோது பெட்டைகளின் பக்கம் திரும்பின. இளமையில் பக்கத்தில் எது இருக்கிறதோ அதன்மேல் நாட்டம் படிகிறது. ஆனால் கோழியைப் பொறுத்தவரை அந்தப் படிவு கல்வெட்டு அல்ல.

நம் இரண்டும் கையுறையோடு வளர்ந்தவை அல்ல. தாயின் இறக்கைக்குள் இரண்டு மாதங்களுக்கு மேல் இருந்தவை. கோழி எப்படி இருக்கும் என்று அறிந்தவை. அவற்றுக்கு இல்லாமற்போனது விடலைப் பருவத்தில் பழகிப் பார்க்க ஒரு பெட்டை. இறக்கை தாழ்த்துவதும் இரை காட்டுவதும் சேவலுக்கு உள்ளிருந்தே வருபவை. யாரிடம் காட்டுவது என்பது பழக்கத்தால் வருவது. செவலைக்கு முறை தெரியாமல் இல்லை. அதைக் காட்டக் கிடைத்தது கீரி ஒன்றுதான்.

ஆள் கிடைக்காத இடத்தில் இணை வேறுவிதமாக அமைவது கோழிக்கு மட்டும் உரியதன்று. ஹவாயின் ஓவாஹு தீவில் கூடு கட்டும் லேசான் ஆல்பட்ராஸ் கடற்பறவைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இணைகள் பெண்ணும் பெண்ணும் என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே ஆண்கள் குறைவு. இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு குஞ்சை வளர்த்துவிடுகின்றன. இங்கே பெட்டை குறைவு என்பதைவிட, பெட்டையே இல்லை.

கட்டுச்சேவல்காரர் இதை ஒப்பவில்லை. அவருடைய முறையை நினைத்துப் பார்த்தால் அது வியப்பும் அல்ல. ஒவ்வொரு சேவலையும் காலில் கயிறிட்டு முளையில் தனித்தனியாகக் கட்டுகிறார்கள். ஒன்றையொன்று பார்க்கும், தொட முடியாது. அவிழ்த்துவிடும் அன்றைக்கு எதிரே வருவது எதிரி மட்டுமே. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் சண்டைக்கு விடுவதைக் குற்றமாக்கிய பிறகும் அந்த வளர்ப்புமுறை அப்படியே இருக்கிறது. கட்டி வளர்த்தால் கொல்லத் துடிக்கும் இரண்டு அண்ணன் தம்பி, கட்டாமல் வளர்த்தால் ஒரே கிளையில் தூங்குகின்றன. இதில் எது கெட்டுப்போனது என்று அவரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

முட்டைகளின் பக்கம்

பொரியாத ஒன்பது முட்டைகளையும் மருமகள் ஒரு கூடையில் போட்டுக் கொல்லையில் வைத்திருந்தது என் நல்வினை. அவற்றை ஒவ்வொன்றாக இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு உடைத்தோம். ஐந்தில் கருவே இல்லை, வெறும் தெளிவு. நான்கில் கருகிய ரத்த வளையம்: கரு கூடி, முதல் சில நாட்களிலேயே செத்திருக்கிறது.

கூமுட்டை என்று ஊரில் ஒரே பெயரில் ஒதுக்கிவிடுகிறோம். சேவலின் குற்றமும் சேமிப்பின் குற்றமும் அந்தப் பெயருக்குள் ஒளிந்துகொள்கின்றன. இந்த நான்குக்கும் சேவல்கள் பொறுப்பல்ல. முட்டைகள் அடுப்படியில், தகரக் கூரைக்குக் கீழே, அரிசி டிரம்மின்மேல் இரண்டு வாரத்துக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. கத்திரி முடிந்திருந்தாலும் ஆனி மாதத்து மதுரை வெயிலில் அந்த இடம் எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முட்டைக்குள் கரு உறங்கிக் கிடக்க ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர்ச்சி வேண்டும். அதற்கு மேலே போனால் அரைகுறையாக வளரத் தொடங்கி, நலிந்து, அடைக்கு வைத்ததும் செத்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தாலே பொரிப்புத் திறன் குறையத் தொடங்குகிறது.

ஐந்து முட்டைகள் சேவல்களின் கணக்கு. இங்கும் காரணம் நேரானதல்ல. பெட்டையின் கருக்குழாயில் விந்தணுக்களைத் தேக்கிவைக்கும் நுண்குழல்கள் இருப்பதால், ஒருமுறை மிதித்தால் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குக் கருமுட்டை வரும். ஆறு பெட்டைகளுக்கு ஒரு சேவலே தாராளம். செவலை சோம்பினாலும் கீரி அந்த வேலையைச் செய்திருக்கலாம். செய்ய முயன்றும் இருந்தது. மாலையில் கீரி ஒரு பெட்டையின்மேல் ஏறுவதைப் பார்த்தேன். செவலை ஓடிவந்து மோதித் தள்ளிவிட்டது. மேல்நிலைச் சேவல் கீழுள்ளதன் கலவியைக் குலைப்பது எந்த முற்றத்திலும் உள்ள வழக்கம். தப்பித்தவறி நடந்தாலும், தாழ்ந்த நிலையிலுள்ள சேவலின் விந்தைப் பெட்டை பின்னர் வெளியே தள்ளிவிடுவதுண்டு. பிட்சாரியும் பர்க்ஹெட்டும் 2000இல் இதை விளக்கினார்கள். ஆக, மேலே இருந்தது பெட்டைகளை மிதிக்கவில்லை, கீழே இருந்ததை மிதிக்க விடவுமில்லை. எல்லாப் பழியும் மிதிபட்டதன்மேல் போய் விழுந்திருந்தது. பிடரி தேய்ந்தது கீரி, அறுக்க வேண்டும் என்று பேச்சு வந்ததும் கீரியைத்தான்.

செய்தது

முதல் மாற்றம் முட்டைக்கு. அன்றன்று எடுத்து, ஈரமணல் போட்ட மண்சட்டியில், கூரைக்கு வெளியே நிழலில் வைப்பது; ஒரு வாரத்துக்குள் அடைக்கு வைப்பது. மருமகள் தேதியைப் பென்சிலால் முட்டையிலேயே எழுதிவைத்தார். அது அவருடைய யோசனை. இனி நான் எல்லாருக்கும் சொல்லப்போகிறேன்.

சேவல்களை ஒரேயடியாகப் பிரிக்க எனக்கு மனமில்லை, தேவையுமில்லை. கோழிகள் பெரும்பாலும் பிற்பகலின் இறுதியில்தான் கலவி செய்கின்றன. காலையில் முட்டையிட்டு முடித்த பெட்டைக்கு அதுவே தோதான நேரம். எனவே நான்கு மணியிலிருந்து அடையும்வரை மட்டும் கீரியைக் கொட்டகை முன்னாலேயே பஞ்சாரத்தில் மூடச் சொன்னேன். செவலையின் கண்ணெதிரே இருக்கும், குரல் கேட்கும், ஏற மட்டும் முடியாது. மற்ற நேரமெல்லாம் பழையபடி.

முதல் நாட்களில் செவலை பஞ்சாரத்தை விட்டு நகரவில்லை. குருணையைக் கொத்திக் கம்பிகளின் பக்கத்தில் போட்டுக் கூப்பிட்டது. கீரியால் எட்ட முடியவில்லை. ஆனால் அந்த அழைப்பு பெட்டைகளுக்கும் கேட்கும் அல்லவா? சாம்பல் பெட்டை ஒன்று வந்து அந்த மணிகளைத் தின்றது. அடுத்த நாள் அதோடு இன்னொன்றும் வந்தது. செவலை அவற்றை விரட்டவில்லை. கீரிக்காக இறைத்த தானியத்தால் பெட்டைகளைப் பழக்கிக்கொண்டது என்று சொல்லலாம். அல்லது பெட்டைகள்தாம் அதைப் பழக்கின. ஒரு வாரம் போனபின், சாம்பல் பெட்டை இரை தின்ற இடத்திலேயே உட்கார்ந்து கொடுக்க, செவலை ஒரு கணம் நின்று, பிறகு ஏறியது. இதை மருமகள் கைப்பேசியில் எனக்குச் சொன்னபோது குரலில் மகப்பேற்றுச் செய்தியின் மகிழ்ச்சி இருந்தது.

ஆவணியில் அடைக்கு வைத்தது மறுபடி பதினொன்று. ஒற்றைப்படை என்ற வழக்கத்தை நான் தொடவில்லை. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது பத்தில் ரத்த நரம்புகள் ஓடின. ஒன்பது பொரித்தன.

பஞ்சாரத்தில் மூடுவதை அதன்பின் நிறுத்திவிட்டார்கள். செவலை இப்போது பெட்டைகளை மிதிக்கிறது. கீரியையும் எப்போதாவது மிதிக்கிறது. முன்னைவிடக் குறைவு, பிடரியில் புதுத் தூவி வந்துவிட்டது. கீரி ஒரு பெட்டையை அணுகினால் செவலை இப்போதும் விரட்டுகிறது, ஆனால் சாமைக் காட்டோரம் கண்மறைவாகப் போனால் கண்டுகொள்வதில்லை. இரவு அடைவது முருங்கையில், பக்கத்துப் பக்கத்தில்தான். இதில் குணப்படுத்த இன்னும் ஏதாவது மீதமிருக்கிறதா என்று மகன் கேட்டார். காயமில்லை, சண்டையில்லை, முட்டை கருவோடு வருகிறது. எனக்கு எதுவும் தெரியவில்லை என்றேன். நாட்டம் பெட்டைகளுக்கும் விரிந்ததே தவிர, பழையது அழிந்துவிடவில்லை. அழிய வேண்டும் என்று நான் முயலவும் இல்லை.

புதுக் குஞ்சுகளுக்கு ஒரே ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன்: சேவல் குஞ்சுகளைத் தனியே பொறுக்கி அடைக்காமல் பெட்டைக் குஞ்சுகளோடு கலந்தே வளரவிடுவது.

நேர்த்தி

மீதமிருந்தது கறுப்பசாமி. அப்பத்தா என்னிடம் நேரடியாகவே கேட்டார்: “இப்படிப் பழக்கமுள்ள சேவலைச் சாமி ஏற்குமா, தம்பி?” உடலில் ஊனமில்லை, நோயில்லை என்பது வரை என் அதிகாரம் என்று சொன்னேன். அவர் பூசாரியிடம் போனார். பூசாரி கேட்டது, கொண்டை முழுதாக இருக்கிறதா, கால் நகங்கள் சரியாக இருக்கின்றனவா, வீட்டில் பொரித்ததா, விலைக்கு வாங்கியதா என்பவைதான். மிதிப்பதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குள் மருமகளுக்குக் கீரியைக் கொடுக்க மனமில்லாமல் போயிற்று. கொடுத்தால் செவலை மறுபடி கத்திக் கத்திப் பெட்டைகளையும் கைவிட்டுவிடும் என்பது அவர் அச்சம். அல்லது அவர் சொன்ன காரணம். மார்கழியில் நேர்ந்தபோது இரண்டில் ஒன்று என்றுதானே சொன்னீர்கள், கீரி என்று பெயர் சொல்லவில்லையே என்று மாமியாரிடம் வழக்காடினார். அப்படியானால் செவலையா என்றார் அப்பத்தா. சில நாட்கள் வீடு சூடாக இருந்தது. கடைசியில் பூசாரியே ஒரு வழி சொன்னார்: இந்த அடையில் பொரித்த சேவல் ஒன்று மாசிக்குள் கூவத் தொடங்கிவிடும், அதே வீட்டுக் கொட்டகையில் பிறந்தது, அதைக் கொடுக்கலாம்.

அப்பத்தா ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். மாசிவரை குஞ்சுகள் உயிரோடிருக்க வேண்டும். ஆகவே வெள்ளைக்கழிச்சலுக்கான மருந்தை இந்தமுறை நானே வந்து போட வேண்டும். ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து ஒன்பதுக்கும் விட்டாயிற்று. எட்டாம் வாரத்து ஊசி பாக்கியிருக்கிறது.